எண்பதாம் வாசல்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை ஒயரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாடியும் ஏறி இறங்கியதில் ஒட்டிக்கொண்ட பேர். உண்மைப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கணினி, பிரிண்டர், எக்ஸ்ரே அறையில் அடிக்கடி மக்கர் பண்ணும் திரை என்று ஒயர் போகிற இடமெல்லாம் அவள் ராஜ்ஜியம். உதவிக்கு ஆள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் கேட்பதையும் விட்டிருந்தாள்.

அந்த வருஷம் அவளைப் படுத்தியது இணைய லைன். எண்பது படுக்கை ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒரே லைன்; அதுவும் நத்தையிடம் வேகத்தைப் பிச்சை வாங்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே, துவைத்த விரிப்புகள் அடுக்கும் அறையை ஒட்டி, யூனிக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட பழைய கணினி ஒன்று இருந்தது. வெளியே போகிற எதுவும், உள்ளே வருகிற எதுவும் அதைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அதுதான் கேட்வே. அதிலேயே ப்ராக்ஸி என்றொரு நிரலையும் ஓடவிட்டிருந்தாள். ஒருவர் பார்த்த பக்கத்தை அது எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதையே கேட்டால் வெளியே போகாமல் கையிலிருப்பதைக் கொடுக்கும். லைனுக்குப் பாரம் குறையும். ஆனால் ப்ராக்ஸி வழியாகப் போ என்று ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகக் குறித்து வைக்க வேண்டும். குறித்து வைத்தால் மறுநாளே யாராவது எடுத்துவிடுவார்கள். எலும்பு டாக்டர் மூன்று தடவை எடுத்தார். கேட்டபோது, "தானா மாறிடுச்சும்மா" என்று முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டார்.

நிர்வாக அதிகாரி ஒரு யோசனை சொன்னார். "யாருக்கும் தெரியாம பண்ண முடியாதாம்மா? சொன்னாத்தானே சண்டைக்கு வராங்க."

முடியும். வலைப்பக்கம் கேட்டுப் போகிறவர்கள் எல்லாம் எதிர்ப்பக்கக் கணினியின் எண்பதாம் எண் வாசலைத்தான் தட்டுவார்கள். எண்பதாம் வாசலைத் தேடிப் போகிற எதையும் வழிமறித்து ப்ராக்ஸியிடம் திருப்பிவிடு என்று கேட்வேயில் ஒரு விதி எழுதினால் போதும். போகிறவருக்குத் தான் திருப்பப்பட்டதே தெரியாது.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு விதியைச் சேர்த்தாள். பத்து முப்பத்திரண்டுக்கு ஆஸ்பத்திரி முழுக்க இணையம் நின்றது. முதல் போன் எலும்பு டாக்டருடையது.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ப்ராக்ஸியும் வெளியே போகவேண்டுமானால் அதே எண்பதாம் வாசலைத்தானே தேடவேண்டும்? விதி அதையும் பிடித்து ப்ராக்ஸியிடமே திருப்பியது. அது மறுபடி கிளம்ப, விதி மறுபடி பிடிக்க, செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கணினிகளின் ஒயர் வந்து சேரும் உள்பக்கத்துக் கார்டு வழியாக வருகிறவற்றை மட்டும் பிடி என்று விதியைத் திருத்தினாள். சுற்றல் நின்றது. இப்போது எந்தப் பக்கம் கேட்டாலும் முகவரி தவறு என்று ப்ராக்ஸி சிடுசிடுத்தது. நேராக ப்ராக்ஸியிடம் வருகிறவர்கள் ஊர், தெரு, வீட்டு எண் எல்லாம் சொல்வார்கள். திருப்பிவிடப்பட்டவர்கள், வேண்டிய ஊரில்தான் நிற்கிறோம் என்ற நினைப்பில் வீட்டு எண்ணை மட்டும் சொல்வார்கள். அந்தப் பேச்சையும் புரிந்துகொள் என்று அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தாள். பதினோரு மணிக்கு எல்லாம் ஓடியது. பக்கங்கள் முன்பைவிடச் சுருக்காக வந்தன. லைன் கம்பெனி மனசு மாறி வேகத்தைக் கூட்டிவிட்டதாக எலும்பு டாக்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒயரக்கா மறுத்துப் பேசவில்லை. யாருக்கும் தெரியாமல் செய்த வேலைக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

அன்று மத்தியானம் வரவேற்பு மேசைத் தட்டில் அவளுக்கு ஒரு புகார்ச் சீட்டு இருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து. "கிளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முடிவுகள் அங்கே போய்ச் சேரவில்லை. காலை பதினொன்றிலிருந்து." கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சுழி. அந்தச் சுழியை அவளுக்கு ஆறு வயதிலிருந்து தெரியும். அவள் அண்ணனுடையது.

லேப் டெக்னீஷியனாக அவன் அவளுக்கு முன்பே இங்கே சேர்ந்தவன். ஊசிமுனை கொஞ்சம் தடித்திருந்தாலும், ஜன்னல் கொக்கி ஆடினாலும் எழுதிப் போட்டுவிடுவான். புகார்ப்பெட்டி என்று அவனுக்குப் பேர். அண்ணனும் தங்கையும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் யூனிக்ஸ் பயிற்சிக்காக மூன்று வாரம் வெளியூர் போயிருந்தாள். அந்த நேரத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் விடவில்லை. அண்ணன்தான் ரத்தம் எடுத்தான். அவனேதான் முடிவைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் இது ஆளைக் கொல்லும் நோய் என்று தெரிந்துவிட்டது. "அவ படிப்பைக் கெடுக்காத, வந்தப்புறம் சொல்லிக்கலாம்" என்று அப்பா சொல்ல, இவனும் சரி என்றுவிட்டான். அவள் திரும்பி வந்தபோது அப்பாவுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. நான்காம் நாள் போய்விட்டார். எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, "பதினெட்டு நாள் உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. அம்மா கொஞ்ச நாள் இருவருக்கும் நடுவே தபால்காரர் வேலை பார்த்தாள். பிறகு அவளும் சலித்துப்போய் நிறுத்திக்கொண்டாள்.

சீட்டைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது எரிச்சல்தான். ஆஸ்பத்திரியே மெச்சிக்கொண்டிருக்கும்போது இவனுக்கு மட்டும் நொட்டை. தன் இடத்தில் உட்கார்ந்தபடியே லேப் கணினியைத் திரையில் வரவழைத்து இரண்டு வலைப்பக்கங்களைத் திறந்து பார்த்தாள். ஜம்மென்று திறந்தன. சீட்டின் பின்பக்கம் "பார்த்தாயிற்று. சரியாக உள்ளது" என்று எழுதித் தட்டில் திருப்பிப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது சீட்டு. "சரியாக இல்லை. அனுப்பியதாகத் திரையில் பச்சை எரிகிறது, கிளையில் வரவில்லை." அனுப்பியதாக வந்தால் அனுப்பியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? கிளையில் யாருக்காவது கணினியைத் திறக்கத் தெரியாமல் இருக்கும். "கிளையில் பார்க்கச் சொல்லவும்" என்று எழுதினாள். புதன்கிழமை மூன்றாவது சீட்டு வந்தது. அதை அவள் முழுசாகப் படிக்கக்கூட இல்லை. பிரசவ வார்டில் பிரிண்டர் மை கக்கிக்கொண்டிருந்தது, அங்கே ஓடிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்கு, கைப்பையைக் கீழே வைப்பதற்குள் போன் அடித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிளையிலிருந்து டாக்டரம்மா. அங்கே பத்துப் படுக்கைதான், சொந்தமாகப் பரிசோதனைக் கூடம் கிடையாது. ரத்தக் குப்பிகள் நாளுக்கு இரண்டு தடவை வேனில் இங்கே வரும். முடிவுகள் லைன் வழியாக அங்கே போகும்.

"கம்ப்யூட்டர் பாக்கறது நீங்கதானே?" என்றார் டாக்டரம்மா. குரலில் கோபமில்லை, தூக்கமில்லாத களைப்புதான் இருந்தது. "நேத்து சாயங்காலம் ஒரு பேஷண்ட்டுக்கு ரத்தத்துல பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. ஆறு மணிக்கே உங்க லேப்ல ரிசல்ட் ரெடி. எனக்கு வரவே இல்ல. விடிகாலைல இதயத் துடிப்பு தாறுமாறா போனப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது."

"இப்ப எப்படி இருக்கார்?"

"பொழச்சுக்கிட்டார். மயிரிழைதான்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க லேப்ல பகல்ல இருக்கறவர் மூணு நாளா ஒவ்வொரு ரிசல்ட்டையும் போன்ல படிச்சுத்தான் சொல்லிட்டிருந்தார். நேத்து சாயங்காலம் அவர் ட்யூட்டி இல்ல. இருந்தவங்க, திரைல பச்சையா வந்துடுச்சேன்னு போயிட்டாங்க."

போனை வைத்ததும் ஒயரக்கா நின்றபடியே கணினியை உசுப்பினாள். பிறகு ப்ராக்ஸி தன் வேலையை வரிவரியாகக் குறித்து வைக்கும் லாகைத் திறந்து லேப் கணினியின் எண்ணைத் தேடினாள். திங்கள் காலையிலிருந்து இருநூற்றுப் பதினேழு வரிகள். எல்லாவற்றிலும் ஒரே குறிப்பு: கோரிக்கை புரியவில்லை. மூன்று நாளாக அது கரடியாகக் கத்தியிருக்கிறது. அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

என்ன நடந்திருக்கும் என்று முக்கால்வாசி புரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் விதியில் கை வைக்க மனசில்லை. அதற்கு லேப்பிலிருந்து யாராவது ஒரு முடிவை அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் அங்கே இருப்பது ஒரே ஆள். உள் போனை எடுத்து இரண்டு இலக்கத்தை அழுத்தினாள்.

"லேப்."

"நான்தான்."

அந்தப் பக்கம் ரத்தம் பிரிக்கும் இயந்திரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சொல்லு" என்றான்.

"ஏதாவது பழைய ரிசல்ட் ஒண்ணைக் கிளைக்கு மறுபடி அனுப்பு. போனை வெக்காத. நான் இங்க பாத்துட்டிருக்கேன்."

"அனுப்பிட்டேன். பச்சையா வருது. மூணு நாளா அப்படித்தான்."

அவள் திரையில் இரண்டு கட்டங்கள் திறந்திருந்தன. ஒன்று கேட்வேயின் உள்பக்கத்துக் கார்டில் போகிறதையும் வருகிறதையும் வரிவரியாகக் காட்டும், மற்றது வெளிப்பக்கத்தில். உள்பக்கத்தில் லேப் கணினி கிளையின் எண்பதாம் வாசலைத் தட்டியது தெரிந்தது. தட்டின கை எடுப்பதற்குள் கிளையின் முகவரியிலிருந்தே பதில் வந்துவிட்டது. ஆற்றைத் தாண்டிப் போய்வருகிற பதில் அத்தனை வேகத்தில் வராது. வெளிப்பக்கக் கட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

"இன்னொரு தடவை அனுப்பு."

அனுப்பினான். அதே கதை.

"உனக்குப் பதில் சொல்றது கிளை இல்ல" என்றாள்.

"பின்ன யாரு?"

"நான்தான்."

அவனுக்குப் புரியும்படி சொன்னாள். சொல்லச் சொல்லத் தனக்கும் முழுசாகப் புரிந்தது. லேப் மென்பொருளை நாலு வருஷத்துக்கு முன் போட்டுக் கொடுத்த ஆள், எந்த ஊரிலும் எண்பதாம் வாசல் திறந்துதான் இருக்கும் என்று அதையே முடிவுகள் போகவும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆனால் அது பேசுவது வலைப்பக்கப் பாஷை இல்லை, தனிப் பாஷை. அவளுடைய விதிக்கு வாசல் எண் மட்டும்தான் தெரியும். யார், எதற்கு வந்தார்கள் என்று கேட்காது. பிடித்து ப்ராக்ஸியிடம் விட்டது. ப்ராக்ஸி, கிளையின் பேரில் கதவைத் திறந்து, வந்ததை வாங்கிப் பார்த்து, புரியவில்லை என்று சொல்லித் தூக்கிப் போட்டது. கதவு திறந்ததுமே லேப் மென்பொருள் வேலை முடிந்தது என்று பச்சை காட்டிவிட்டது.

"அப்ப நான் எழுதினது சரிதான்" என்றான் அண்ணன்.

"சரிதான்."

கிளைக்குப் போகிறவற்றைத் திருப்பாமல் நேரே விடு என்று புதிதாக ஒரு விதி எழுதிச் சேர்த்தாள். "இப்ப அனுப்பு."

"பச்சை. இரு, இன்னொரு போன்ல கிளையைக் கேக்கறேன்." காத்திருந்தாள். "வரலைங்கறாங்க."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். விதிகளை கேட்வே சின்ன எண்ணில் தொடங்கி மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு சரி. திருப்பிவிடும் விதிக்கு ஐந்நூறு என்று எண் கொடுத்திருந்தாள். பதற்றத்தில் புதியதற்கு அறுநூறு கொடுத்திருக்கிறாள். மேலே ஆள் பிடித்துக்கொண்டு போன பிறகு கீழே நின்று விட்டுவிடு என்றால் யார் காதில் விழும்? அறுநூறை அழித்துவிட்டு நானூறு என்று சேர்த்தாள்.

"இப்ப."

இந்தத் தடவை வெளிப்பக்கக் கட்டத்திலும் வரிகள் ஓடின. பதில் வர ஒரு மூச்சு நேரம் ஆனது. நிஜமான தூரத்துக்கு உண்டான நேரம்.

"வந்துடுச்சாம்" என்றான் அண்ணன். இருவரும் உடனே போனை வைக்கவில்லை. பிறகு அவன்தான் வைத்தான்.

மூன்று மணிக்கு நிர்வாக அதிகாரி இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் தட்டச்சு செய்த அறிக்கை தயாராக இருந்தது. காரணம் என்ற இடத்தில் லைன் கோளாறு என்று போட்டிருந்தார்.

"லைன்ல ஒரு கோளாறும் இல்ல சார்" என்றாள்.

"எனக்கும் தெரியும்மா. இப்படிப் போட்டா யாருக்கும் வம்பு இல்ல பாருங்க."

"நான் போட்ட விதி சார். சீட்டு மூணு வந்துச்சு. ஒழுங்காப் பாக்கல. அப்படியே எழுதிடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாருக்கும் தெரியாமல் செய்யச் சொன்னது யார் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பேச்சை அண்ணன் பக்கம் திருப்பினார். "நீங்களும் மூணு நாள் சீட்டே எழுதிட்டிருந்தீங்களா? ரெண்டு மாடி இறங்கிப் போய்ச் சொல்றதுக்கு என்ன?"

"எங்களுக்குள்ள பேச்சு கிடையாது சார்."

"அண்ணன் தங்கச்சி சண்டைக்கு ஒரு நோயாளியா?" என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை. அந்த அறையில் அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அறிக்கையில் உள்ளது உள்ளபடி எழுதப்பட்டது. அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அண்ணனுக்குக் கடிதம் எதுவும் இல்லை. இல்லாதது அவனை இன்னும் உறுத்தியது என்று அவன் நடையிலேயே தெரிந்தது. இனி கேட்வேயில் எந்த மாற்றம் செய்தாலும் முன்கூட்டியே எல்லாப் பிரிவுக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போனது. அதைப் படித்துத்தான் எலும்பு டாக்டருக்கு ப்ராக்ஸி விஷயமே தெரிந்தது. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை காலை இருவரும் கிளைக்குக் கிளம்பினார்கள். கிளைக் கணினி முடிவைப் பெற்றதும் திருப்பி ஒரு ஒப்புதல் அனுப்ப வேண்டும், அது வந்தால்தான் லேப்பில் பச்சை எரிய வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் ஆள் பார்க்க வேண்டிய வேலை கொஞ்சம் இருந்தது. பேருந்தில் இருவர் இருக்கை. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்தே அது அவள் இடம். பேருந்து பாலத்தில் ஏறியது.

"அப்பா ரத்தத்தை நான் ரெண்டு தடவை மறுபடி டெஸ்ட் பண்ணேன்" என்றான் திடீரென்று. "முதல் தடவை மெஷின் தப்பு பண்ணியிருக்கும்னு. அப்புறம் குப்பி மாறியிருக்கும்னு மறுபடி ரத்தம் எடுத்தேன். அவர் கையை நீட்டிட்டு, 'என்னடா, குடிச்சுக் காலி பண்ணிடுவ போலிருக்கே'ன்னு சிரிச்சார்."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. நடுவில் மணல் திட்டு தெரிந்தது.

"அவர் சொல்லாதன்னு சொன்னது நிஜம்" என்றான். "ஆனா அது எனக்கும் வசதியா இருந்துச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருக்கலாம்." கொஞ்சம் பொறுத்து, "இந்தத் தடவையும்" என்றான்.

கிளையில் வேலை பதினொன்றரைக்கு முடிந்தது. அந்த நோயாளியைப் பார்க்கவேண்டும் என்று ஒயரக்கா கேட்டபோது, டாக்டரம்மா ஒரு கணம் தயங்கிவிட்டு மூன்றாம் படுக்கையைக் காட்டினார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். எழுபது வயதிருக்கும். சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. தலையணையில் சாய்ந்துகொண்டு ஜன்னல் வழியாக, தெருவில் ஒரு கார் பின்பக்கமாக நிறுத்தப் படும் பாட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

அவள் தன்னை யார் என்று சொன்னாள். "உங்க ரிசல்ட் வராம போனதுக்கு நான்தான் காரணம் ஐயா."

"லைன்ல ஏதோ கோளாறுன்னாங்களே?"

"லைன்ல இல்ல. நான் மாத்தினதுல வந்தது. சொன்னாங்க, நான் கேக்கல."

பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்து நின்றாள். அவரோ வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ இவ்வளவு தூரம் வந்து சொல்லிட்ட. அப்ப நானும் சொல்லிடறேன். டாக்டரம்மா, பழத்துல பொட்டாசியம் இருக்கு, தொடவே கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. நான் அதுக்கு முந்தி ரெண்டு நாளா வாழைப்பழமா வாங்கித் தின்னேன். தலைமாட்டுல இன்னும் ரெண்டு இருக்கு. டாக்டரம்மாகிட்ட சொல்லிடாத, கொன்னுடுவாங்க."

ஒயரக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போனது. அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்து தலையணைக்குக் கீழே கைவிட்டு அந்த இரண்டு பழத்தையும் எடுத்துக்கொண்டான்.

"நான் சொல்லிடறேன் ஐயா" என்றான். "திட்டு வாங்கிக்குங்க. பரவாயில்ல."

பெரியவர் அவனைப் பார்த்து முறைத்தார். "உன்னை யாருப்பா கேட்டா?"

அவன் பழத்தோடு டாக்டரம்மாவின் அறைப்பக்கம் நடந்தான். கதவு சாத்தியிருந்தும் டாக்டரம்மாவின் குரல் கூடம் வரை கேட்டது. பெரியவர் போர்வையை இழுத்து மூடித் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

பெரியவர் அடுத்த வாரம் வீட்டுக்குப் போனார். திருப்பிவிடும் விதி கேட்வேயில் அப்படியே இருந்தது. அதற்கு மேலே நானூறு. அண்ணனும் தங்கையும் அதற்குப் பிறகு பேசிக்கொண்டார்கள். முதலில் வேலை விஷயம் மட்டும், போகப்போக மற்றதும். புகார்ச் சீட்டு எழுதுவதை மட்டும் அவன் விடவில்லை. இப்போதெல்லாம் எழுதித் தட்டில் போட்டுவிட்டு, போனிலும் கூப்பிட்டு அதையே ஒரு முறை படித்துக் காட்டுகிறான்.